திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு டப்பா சாக்லேட் உருண்டை

ஸ்வீடன்காரர்களிடம் பேச்சுக்குக்கூட ‘அவசியம் நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று சொல்லிவிடக் கூடாது. வந்துவிடுவார்கள்.

நம் ஊரில் அப்படிச் சொன்னால் ‘ரயிலுக்கு நேரமாச்சு, விடுய்யா’ என்று எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஸ்டேஷன் நடைமேடையில் நான் வாரத்துக்கு நாலு பேரையாவது வீட்டுக்குக் கூப்பிடுகிறவன். இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் கூப்பிடுகிறேன்.

போன குளிர்காலத்தில் நானும் என் மனைவி சுகுணாவும் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்துக்குப் போயிருந்தோம். மகள் நித்யா அங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். பிரிட்டா என்கிற அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறாள். பிரிட்டா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியாள். எதையும் நேராகச் சொல்லுவார், நாம் சொல்வதையும் நேராகவே எடுத்துக்கொள்வார். இந்த இரண்டாவது குணம்தான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அந்த ஊர் டிராமில் ஏறினால் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் இரங்கல் கூட்டத்துக்குப் போகிறவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் தனியாகப் புறப்பட்டு எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம், “இது சென்ட்ரல் ஸ்டேஷன் போகுமா?” என்று கேட்டேன். அவர் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார். யோசித்தார். “போகாது” என்றார். மறுபடி மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, குறை சொல்ல முடியாது. இதையே நம் ஊர் பஸ்ஸில் கேட்டிருந்தால் நாலு பேர் வழி சொல்லி, அதில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு, ஐந்தாமவர் ‘அங்க எதுக்கு இந்த நேரத்துல?’ என்று விசாரித்திருப்பார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பனியில் நின்று, சுகுணாவுக்கு போன் போட்டு, “நான் தொலஞ்சிட்டேன்” என்றேன். “எங்க தொலஞ்சீங்க?” என்றாள். அது தெரிந்தால் நான் ஏன் தொலைகிறேன்?

மத்தியானம் மூன்று மணியானால் அந்த ஊரில் காப்பி. கூடவே கடிக்க ஏதாவது இனிப்பு. இதற்கு ‘ஃபீகா’ என்று பெயர். நாமும் அந்த நேரத்துக்குக் காப்பி குடிக்கிறோம், ஆனால் நின்றுகொண்டு, அடுத்தவன் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறோம். அவர்கள் மேஜை விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூஜை மாதிரி உட்காருகிறார்கள். நாங்கள் ஊர் திரும்புகிற அன்று பிரிட்டா வீட்டு மேஜையில் ஒரு தட்டு நிறைய கறுப்பு உருண்டைகள். வெளியே தேங்காய்ப் பூ புரட்டியிருந்தது. ஓட்ஸ், வெண்ணெய், சர்க்கரை, கோகோ, ஒரு கரண்டி கெட்டிக் காப்பி. பிசைந்து உருட்டி, குளிரில் வைத்து எடுத்தால் முடிந்தது. அடுப்பே கிடையாது. அந்த ஊர்க் குழந்தைகள் முதன்முதலில் செய்யக் கற்றுக்கொள்வது இதைத்தானாம்.

வெளியூரில் சர்க்கரை வியாதி செல்லாது என்பது என் சொந்தச் சட்டம். மூன்று சாப்பிட்டேன். தட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. யாரும் தொடவில்லை. நான் கையை நீட்டியபோது மேஜைக்கடியில் நித்யா என் காலை நறுக்கென்று மிதித்தாள். வியாதியை ஞாபகப்படுத்துகிறாள் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

விடைபெறும்போது மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா? “நீங்க அவசியம் செங்கல்பட்டு வரணும். இதே உருண்டையை நானே செஞ்சு தரேன்” என்றேன்.

பிரிட்டா சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனார். “எந்த வாரம்?” என்று கேட்டார்.

அங்கே தேதி சொல்ல மாட்டார்கள். வருஷத்தின் வாரங்களை வரிசையாக எண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு வாயில் வந்தது எட்டு. “எட்டாவது வாரம்” என்றேன், ஏதோ லாட்டரி எண் சொல்வது போல. அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நித்யாவிடமிருந்து போன்.

“அப்பா, பிரிட்டா டிக்கெட் எடுத்துட்டாங்க.”

“சந்தோஷம். எங்க போறாங்க?”

“உங்க வீட்டுக்குத்தான். எட்டாவது வாரம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா!”

“அவங்க ஊர்ல அப்படி ஒரு பேச்சே கிடையாதுப்பா.”

விஷயம் அதோடு நிற்கவில்லை. பிரிட்டாவின் தங்கை மகனுக்கு அதே ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. மாடி அறையை அவன் கேட்கிறான். இந்தியா போய்த் திரும்பி வந்து முடிவு சொல்கிறேன் என்று பிரிட்டா சொல்லிவிட்டாராம். “ரூம் போச்சுன்னா நான் எங்கப்பா போவேன்? இங்க வாடகை வீட்டுக்கு வருஷக்கணக்கா வரிசையில காத்துக்கிட்டிருக்காங்க. தீசிஸ் முடிக்காம நடுவுல விட்டுட்டு வரவும் முடியாது. நீங்க எதையும் சொதப்பிடாதீங்க. ப்ளீஸ்.”

போனை வைத்ததும், பனி கொட்டுகிற தெருவில் என் மகள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிற காட்சி எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியே கிடையாது. பயம் வந்துவிட்டால் எனக்குச் சாமான்கள்கூடப் புதிதாக முளைக்கும்.

எட்டாவது வாரம் வந்தது. பிரிட்டாவும் வந்தார். கடல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டார். முட்டுக்காட்டில் படகில் போனதாகவும், படகுக்காரர் ஓட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம் என்றும் நித்யாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் ஃபீகா. அதற்கு முன்பு எனக்கு இரண்டு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோகோ வேட்டை. செங்கல்பட்டில் கேட்ட கடைகளில் எல்லாம் பாலில் கலக்கிக் குடிக்கிற மாவைத்தான் காட்டினார்கள். “ரெண்டும் ஒண்ணுதான் சார், ரெண்டும் பிரவுன்தான்” என்றார் ஒரு கடைக்காரர். மின்சார ரயில் ஏறிப் பொத்தேரி போனேன். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிற ஊரில் கிடைக்காத தீனி கிடையாது. கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“ஹாஸ்டல்ல இன்னிக்கு என்னடி?”

“மஞ்சளா ஏதோ ஊத்துனாங்க. சாம்பாரா மோர்க்குழம்பான்னு வார்டன்கிட்டதான் கேக்கணும்.”

அதில் ஒருத்தி திரும்பி என் கூடையைப் பார்த்தாள். “அங்கிள், அது மசாலா ஓட்ஸ்.”

பார்த்தேன். பாக்கெட்டில் மிளகாய்ப் படம் போட்டிருந்தது. பிரிட்டாவுக்குப் பெருங்காயம் போட்ட சாக்லேட் உருண்டை கொடுக்க இருந்தேன். அந்தப் பெண் சாதா ஓட்ஸையும் கோகோவையும் எடுத்துக் கொடுத்து, “கேக் பண்றீங்களா அங்கிள்?” என்றாள். “இல்லம்மா, என் பொண்ணுக்கு வீடு கட்டுறேன்” என்றேன். அவள் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

புதன்கிழமை முதல் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சுகுணாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. ஆகவே சமையலறையில் நானும் நித்யா அனுப்பிய குரல் செய்தியும் மட்டும். ‘ஓட்ஸ் மூணு டெசிலிட்டர், சர்க்கரை ஒரு டெசிலிட்டர்’ என்று ஆரம்பித்தது. ஒரு டெசிலிட்டர் என்றால் நூறு மில்லி. எங்கள் வீட்டில் மில்லிக் கோடு போட்ட ஒரே பாத்திரம், நித்யா குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால் புட்டி. பரணிலிருந்து இறக்கிக் கழுவி, அதில் அளந்தேன்.

முதல் தப்பு இங்கேதான். ஓட்ஸைப் பச்சையாகப் போடச் சொல்லியிருந்தாள். விருந்தாளிக்கு வறுக்காத தானியத்தை எப்படிக் கொடுப்பது? ரவா லட்டுக்கு ரவையை வறுக்காமல் விடுவோமா? மனசு கேட்கவில்லை. நெய் விட்டுப் பொன்னிறமாக, வாசம் வருகிற வரைக்கும் வறுத்தேன். சூட்டோடு வெண்ணெயைப் போட்டேன், கோகோவைக் கொட்டினேன். வெண்ணெய் உருகியது. கிண்டக் கிண்ட இன்னும் உருகியது. உருண்டை பிடிக்கக் கையை விட்டால் முழங்கை வரைக்கும் கறுப்பு வழிந்தது.

சுகுணா வந்து வாசலிலேயே நின்று மோப்பம் பிடித்தாள். பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். “ஏங்க, தெருவுக்கு ரோடு போடப் போறீங்களா?”

“வறுத்தேன்...”

“அவங்க பச்சையா போடச் சொன்னா பச்சையா போடுங்களேன். அவங்க பலகாரத்துக்கு நீங்க என்ன திருத்தம் சொல்றது?”

நல்ல வெண்ணெய் முழுவதும் அந்தத் தாரில் போய்விட்டது. பால் கடையில் வாங்கிய வெள்ளை வெண்ணெய் அது. வியாழக்கிழமை காலை கடையில் அது தீர்ந்துவிட்டிருந்தது. ரொட்டியில் தடவுகிற மஞ்சள் பாக்கெட்தான் இருந்தது. வெண்ணெய் வெண்ணெய்தானே என்று வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை ஒரு குறையும் வைக்கவில்லை. ஓட்ஸைப் பச்சையாகவே போட்டேன். முதல் டிகாக்ஷனை ஆற வைத்து ஒரு கரண்டி விட்டேன். ‘ஒரு சிட்டிகை உப்பு’ என்று நித்யா சொன்னதால் உப்பும் போட்டேன். மகளின் கூரை விஷயம் ஆயிற்றே, சிட்டிகையைக் கொஞ்சம் தாராளமாகவே பிடித்தேன். உருண்டைகளில் பாதிக்கு அவர்கள் தேங்காய்ப் பூவுக்குப் பதில் முத்து முத்தாக ஒரு சர்க்கரையைப் புரட்டுவார்கள். அதற்கு நான் டைமண்ட் கல்கண்டு என்று முடிவு செய்திருந்தேன். இங்கேதான் சிக்கல். எங்கள் சமையலறையில் கல்கண்டும் கல்லுப்பும் ஒரே மாதிரி டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் சுகுணாவின் பிறந்த வீடு திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். இனிப்பு என்று எது செய்தாலும் சாமிக்குக் காட்டுகிற வரைக்கும் துளி வாயில் வைக்கக் கூடாது. அவள் வீட்டில் இல்லாவிட்டாலும் நான் அதை மீற மாட்டேன். சாயங்காலம் வந்து முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு கல்லை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எறும்புக்காகக் காத்திருந்தேன். எறும்பு வந்தது. இடது கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு வலது கல்லைத் தூக்க முயன்றது. வலது டப்பா கல்கண்டு. உப்பிலிருந்து தப்பித்தோம் என்று அந்த எறும்பை மனசாரக் கும்பிட்டேன்.

உருண்டைகளை ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு எடுத்தேன். தட்டில் அடுக்கி, சாமி அலமாரி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டினேன். கோகோ உருண்டை அந்த அலமாரிக்கு வருவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது போன் அடித்தது.

“அப்பா! பிரிட்டா கடற்கரைப் பாறையில வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கிட்டாங்களாம். செங்கல்பட்டு வர முடியாதாம். நீங்களே உருண்டையை எடுத்துக்கிட்டு மூணு மணிக்கு வந்துடுங்க, காப்பி நான் போட்டு வைக்கிறேன்னு சொன்னாங்க. அம்மாவையும் ஆபீஸ் முடிஞ்சு நேரா அங்க வரச் சொல்லுங்க.”

உருண்டையைத் தட்டில் போட்டேன். தட்டை எவர்சில்வர் டப்பாவில் கவிழ்த்தேன். சுகுணாவின் ஆபீஸுக்கு லேண்ட்லைனில் தகவல் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மாமல்லபுரம் பஸ்ஸில் வெயில் பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது. வெண்ணெய் உருண்டையை ஸ்வீடனில் மேஜையில் வைத்தால் கல்லாகக் கிடக்கும். மாசி வெயிலில் எவர்சில்வர் டப்பா தோசைக்கல் ஆகிக்கொண்டிருந்தது. அதை மடியில் வைத்து, துண்டால் போர்த்தி, வாயால் ஊதிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒரு மீன்கார அம்மாள். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. செங்கல்பட்டில் மீன் விற்றுவிட்டு, தெர்மகோல் பெட்டியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, கொயந்தையாட்டம் மடில போட்டுக்கினு ஊதிக்கினு வர்ரே? இன்னா கீது அதுல?”

“சாக்லேட்டுங்க. உருகிடுமோன்னு பயமா இருக்கு.”

“இந்த வெயில்ல எவனாச்சும் சாக்லேட்ட தூக்கிக்கினு பஸ்ல வருவானா? யாருக்கு அது?”

“வெளிநாட்டுல என் பொண்ணு குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாவுக்கு. இங்க வந்திருக்காங்க.”

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. “வூட்டுக்காரம்மாவுக்கா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? குடு இங்க” என்று டப்பாவைப் பிடுங்கித் தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே பாதி உருகிய ஐஸ். அதன்மேல் விலைபோகாத இரண்டு சங்கரா மீன்.

“அம்மா, மீனு...”

“மீனு உன் சாக்லேட்ட துன்னாது நைனா. கம்முனு குந்து.”

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் பஞ்சர். “எல்லாம் எறங்குங்க, பின்னால வண்டி வருது” என்றார் கண்டக்டர். எவ்வளவு பின்னால் என்று சொல்லவில்லை. புளியமரத்து நிழலில் எல்லோரும் நின்றோம். டிராமில் நான் தொலைந்த அன்று ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே ஐந்தே நிமிஷத்தில் என் மகள் படிப்பு, அவள் அறை, அந்தத் தங்கை மகன், என் சர்க்கரை அளவு எல்லாம் மொத்த பஸ்ஸுக்கும் தெரிந்துவிட்டது. வழியில் என்னிடம் கேட்டதையெல்லாம் கன்னியம்மா சொல்லிவிட்டார்.

“உருகிச்சா பாரு” என்று டப்பாவைத் திறந்தார். உருகவில்லை. உருண்டைகள் கிண்ணென்று இருந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களுக்குக் கொடுக்காமல் மூடுவது எப்படி? “எடுத்துக்குங்க” என்று வாய் சொல்லிவிட்டது. பேச்சுக்குத்தான் சொன்னேன். அன்று பார்த்து ஸ்வீடன்காரர்கள் போல எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

“ஐஸு என்னுது, நான் ரெண்டு எடுப்பேன்” என்றார் கன்னியம்மா. ஒன்றைக் கடித்தார். மென்றார். “நல்லாத்தான் கீது. தண்ணி வெச்சிக்கினுகீறியா?”

கண்டக்டரும் ஒன்றைத் தின்றுவிட்டு, “சூப்பர் சார். தண்ணி இருக்கா?” என்றார். அழுதுகொண்டிருந்த குழந்தைக்கு ஒன்று கொடுத்தோம். அழுகையை நிறுத்திவிட்டு அதுவும் தண்ணீர்தான் கேட்டது. வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் வருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. கன்னியம்மா என்னைப் பெட்டியோடு சேர்த்து உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டார். “சீக்கிரம் வுடு மச்சான், இவரு பொண்ணுக்கு ரூம்பு போய்டும்” என்றார். “இன்னா அண்ணாத்த, எந்த லாட்ஜு?” என்று ஓட்டுநர் கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் ஓர் உருண்டை போனது.

விடுதி வாசலில் இறங்கும்போது டப்பாவில் இருந்தவை மூன்று. “போய் நல்லா பேசு நைனா. பயந்துகினு நிக்காதே” என்று கன்னியம்மா கையாட்டினார்.

பிரிட்டா வராந்தாவில் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் கட்டு. எதிரே கடல். மேஜையில் பிளாஸ்க், கோப்பைகள், நடுவில் வெறும் தட்டு.

“நீங்கள் இருபது நிமிடம் தாமதம்” என்றார். அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் கொஞ்சம் மென்மையாகவே கேட்கிறது. பிறகு, “ஆனால் வந்துவிட்டீர்கள்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று உருண்டைகளையும் தட்டில் வைத்தேன். பெரிய தட்டு அது. அவர் குனிந்து முகர்ந்தார். “கடல் வாசனை” என்றார். கடல் எதிரேயே இருந்தது என் அதிர்ஷ்டம்.

அவர் ஒன்றை எடுத்தார். நான் ஒன்றை எடுத்தேன். கடித்தேன்.

உப்பு.

கடல் தண்ணீரில் பிசைந்த மாதிரி இருந்தது. கல்கண்டு டப்பாவுக்கு எறும்பைச் சாட்சி வைத்தவன், வெண்ணெய்ப் பாக்கெட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதற்கு மேல் என் தாராளச் சிட்டிகை வேறு. புளியமரத்தடியில் அத்தனை பேரும் தண்ணீர் கேட்டது ஏன் என்று இப்போது விளங்கியது. பிரிட்டாவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. முழுவதையும் தின்றார். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “இந்தச் சர்க்கரைக் கல் மிகவும் அழகாக இருக்கிறது” என்றார். எதையும் நேராகச் சொல்கிற பிரிட்டா, அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். எனக்கு டிரங்குப் பெட்டி தெரிய ஆரம்பித்தது.

தட்டில் ஒன்று மிச்சம். “எடுத்துக்கோங்க” என்றேன். “வேண்டாம், நீங்கள்” என்றார். நம் வழக்கப்படி முதல் ‘வேண்டாம்’ கணக்கில் சேராது. இன்னொரு தடவை சொன்னேன். அவர் கத்தியை எடுத்து உருண்டையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைச் சாப்பிட்டுவிட்டு மறு பாதியை விட்டுவிட்டார். மறுபடி தண்ணீர். விருந்தாளிக்கு வைத்ததை நான் எப்படி முடிப்பது? நானும் பாதியை வெட்டிப் பாதியை விட்டேன். இப்போது தட்டில் இருந்தது கால் உருண்டை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பிடிக்கவில்லை, சந்தேகமே இல்லை.

கைகழுவுகிற சாக்கில் உள்ளே போய் நித்யாவுக்கு போன் போட்டேன். “சொதப்பிட்டேம்மா. உப்பு ஜாஸ்தி. கடைசித் துண்டைத் தொட மாட்டேங்கறாங்க.”

“உப்பா? ஐயோ... ஆனா தொடாததுக்குக் காரணம் அது இல்லப்பா. இங்க கடைசித் துண்டை யாருமே எடுக்க மாட்டாங்க. எடுத்தா மரியாதை இல்ல. அன்னிக்கு நான் உங்க காலை எதுக்கு மிதிச்சேன்னு நெனச்சீங்க?”

“சர்க்கரைக்குன்னு...”

“அப்பா, நீங்க அதை எடுத்துடாதீங்க! எடுத்தா கதை முடிஞ்சது.”

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

பிரிட்டா கடலைப் பார்த்தபடி பேசினார். “என் தங்கை மகன் அறையைப் பார்க்க வந்தான். பேசிக்கொண்டிருந்தோம். தட்டில் ஒரே ஒரு உருண்டை இருந்தது. பேசிக்கொண்டே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். முழுதாக.” கொலை ஒன்றைக் கண்ணால் கண்டவர் போலச் சொன்னார். “நித்யா என் வீட்டில் இத்தனை நாள் இருக்கிறாள். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஏன் தெரியுமா...”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுகுணா இறங்கி வேகமாக வந்தாள். வேர்த்துப் போயிருந்தாள். பிரிட்டாவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டது. அப்படிப் பசிக்குது” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

“சுகுணா—”

கால் உருண்டை அவள் வாய்க்குள் போய்விட்டது.

நான் பிரிட்டாவைப் பார்க்கவில்லை. கோத்தன்பர்க்கில் பனி கொட்டுகிறது. டிரங்குப் பெட்டி பக்கத்தில் இப்போது ஒரு ஹோல்டால் படுக்கையும் முளைத்துவிட்டது.

“இவருக்காகத்தான் வைத்திருந்தோமா?” என்றார் பிரிட்டா.

எனக்குப் புரியவில்லை.

“அதைத்தான் சொல்ல வந்தேன். நீ ஏன் கடைசித் துண்டை எடுப்பதில்லை, எங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொண்டாயா என்று நித்யாவைக் கேட்டேன். இல்லை, எங்கள் வீட்டில் கடைசியாக இருப்பது இன்னும் வீடு திரும்பாதவருக்கு என்றாள். அம்மா ஆபீஸ் பஸ்ஸில் தாமதமாக வருவார், அவருக்கு எடுத்து வைத்துப் பழக்கம் என்றாள்.” அவர் சுகுணாவைப் பார்த்தார். “நாங்கள் யாருக்கென்று தெரியாமலே வைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் அதைச் சாப்பிட ஓர் ஆள் வருகிறார். எனக்கு அது பிடித்திருந்தது.”

“ஆமா! இவளுக்குத்தான்! இவளுக்கேதான் வெச்சிருந்தேன்!” என்றேன். அன்று முழுவதும் சுகுணாவுக்கு ஓர் உருண்டை எடுத்துவைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்பதை இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள்.

சுகுணா மெல்லுவதை நிறுத்தினாள். “ஏங்க, என்ன இது? இப்படி உப்புக் கரிக்குது?” என்றாள். அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள்.

பிரிட்டா மேஜையில் ஓங்கித் தட்டினார். “ஆமாம்! பயங்கர உப்பு! சொல்லலாமா கூடாதா என்று ஒரு மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன். இந்தியாவில் விருந்து வைத்தவரைக் குறை சொல்லக் கூடாது, எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று நித்யா சொல்லி அனுப்பினாள். பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் சர்க்கரைக் கல்லைப் புகழ்ந்தேன்.” சிரித்ததில் சுளுக்கிய கால் நாற்காலியிலிருந்து நழுவி, வலியில் ஒரு முறை கத்திவிட்டு, மறுபடி சிரித்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கூஜாத் தண்ணீரைக் காலி செய்தோம்.

அறை நித்யாவுக்குத்தான். தீசிஸ் முடிகிற வரைக்கும் அவள் இருக்கலாம், தங்கை மகனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்று பிரிட்டா அப்போதே நித்யாவுக்குச் செய்தி அனுப்பினார். பதிலுக்கு நித்யா பதினைந்து இதயம் அனுப்பினாள். ஒன்றுகூட அப்பாவுக்கு இல்லை.

இருட்டுவதற்கு முன் கிளம்பினோம். “கோடையில் நீங்கள் இருவரும் வாருங்கள். உப்பில்லாத வெண்ணெயில் சேர்ந்து செய்யலாம்” என்றார் பிரிட்டா.

படி இறங்குகிற அவசரத்தில், “கண்டிப்பா வர்றோம்” என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது பிரிட்டா டைரியைத் திறந்துகொண்டிருந்தார். சுகுணா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.